பிளக்கில் ஒரு சிவப்புப் புள்ளி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழைய டிவி ஒன்றின் இரண்டு முள் பிளக். அதன் ஒரு பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி. "அக்கா, இங்க எல்லா டிவி பிளக்லயும் இது இருக்கு. அண்ணாச்சிகிட்ட கேட்டா லக்கிங்கறார். நிஜமா என்னக்கா இது?"

குரல்பதிவில் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் அழித்து, மறுபடி தொடங்கி, மறுபடி அழித்தேன். அதனால் எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் திணறுகிறவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டுங்கள். வேலை நேரத்தில் படிக்காதீர்கள்.

பணி அனுபவம் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். என் மகள் இன்னும் சீனியர் கே.ஜி.யைத் தாண்டவில்லை. ஆனாலும் இந்தத் தொழிலில் நான் ஓய்வுபெற்றவள்தான். நானாகப் பெறவில்லை, கொடுத்தார்கள்.

எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு, குழந்தை பிறந்தபின் இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, அண்ணாச்சியின் பட்டறைக்கு வந்தேன். கீழே தோல் பை தைக்கும் கடை, மேலே இரும்பு ஏணியில் ஏறிப் போகிற மாலாவில், அந்தத் தாழ்ந்த மச்சில், நாம். இந்த ஏணியில் நீங்களும் இப்போது தலையை இடித்துக்கொண்டிருப்பீர்கள். பழைய வீடியோ கேம் பெட்டிகளை வாங்கி, சுத்தம் செய்து, ஓடவைத்து, செம்பூர் கடையில் விற்பது. கேசட்டுகள், ஜாய்ஸ்டிக்குகள், திரையைக் குறிபார்த்துச் சுடுகிற விளையாட்டுத் துப்பாக்கி, அதோடு பொருந்துகிற பழைய டப்பா டிவி. அந்தத் துப்பாக்கி புதிய தட்டை டிவியில் வேலை செய்யாது என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பிறந்தநாள்களுக்கு வாடகைக்கும் அனுப்புவோம். என் வேலை கடைசியாகச் சரிபார்த்து 'ஓகே' ஸ்டிக்கர் ஒட்டுவது.

வந்த புதிதில் ஒருவர் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். என்ன கோளாறு என்று கேட்டேன்.

"ஒரிஜினல் இல்ல இது. கேசட்டைப் போட்டதும் ஓடிடுது."

"ஓடணும்னுதானே சார் வாங்கினீங்க?"

"ஊதாம ஓடுதும்மா! நாங்க சின்னப்பிள்ளையில கேசட்டை எடுத்து, ஊதி, மறுபடி போட்டு, ரெண்டு தட்டு தட்டினாத்தான் ஓடும். இது டூப்ளிகேட்."

எச்சில் பட்டால் உள்ளே முனைகள் அரித்துப்போகும் என்று அவருக்கு விளக்கினேன். படித்தவள் அல்லவா, விளக்காமல் இருக்க முடியுமா. அவர் முகம் சுருங்கியது. அப்போது பட்டறையின் மெக்கானிக் சுடலை அண்ணன் எழுந்து வந்தார். பெட்டியை உள்ளே எடுத்துப்போனார், எதுவும் செய்யாமல் டீ குடித்தார், திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். "இப்ப ஊதிப் போடுங்க சார்." அந்த மனிதர் ஊதினார், போட்டார், ஓடியது. கண் கலங்கிப் போனார். அவர் போனபிறகு சுடலை அண்ணன் என்னிடம் சொன்னார், "ஏ புள்ள, அவன் பொட்டி வாங்க வரல. அவன் வாய்க் காத்துக்கு இன்னும் மவுசு இருக்கான்னு பாக்க வந்திருக்கான்."

அன்று சிரித்தேன். நம் வாடிக்கையாளர்கள் பொருளை வாங்க வருவதில்லை என்பது எப்படிப்பட்ட ஆபத்து என்று அப்போது புரியவில்லை.

இனி அந்தப் புள்ளி.

மாட்டுங்காவில் வளர்ந்து இப்போது செம்பூரில் ஒரு சொசைட்டிக் குடியிருப்பில் இருக்கும் ராகவன் என்பவர், மகன் வருணின் பிறந்தநாளுக்காக ஒரு முழு செட் கேட்டார். வாடகைக்கு வேண்டாம், சொந்தமாகவே. டிவி மரப்பெட்டியில் இருக்க வேண்டும், திருகுகிற குமிழ் இருக்க வேண்டும். "எங்காத்துல இருந்த மாதிரியே இருக்கணும். ஆனா படம் மட்டும் பளிச்சுனு வரணும்" என்றார்.

இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மரப்பெட்டி டிவிகள் மிகப் பழையவை. அவற்றில் ஆண்டெனா சொருகும் துளை மட்டும்தான் இருக்கும். வீடியோ கேம் பெட்டியை அதன் வழியாக இணைத்தால் படம் வரும், கூடவே புள்ளிகளும் இரைச்சலும் வரும். பளிச்சென்று வேண்டுமானால் டிவியின் பின்பக்கம் புதிதாக ஒரு துளை போட்டு, சிவப்பு மஞ்சள் வயர்கள் சொருகும் சாக்கெட் வைத்து, உள்ளே போர்டோடு நேரடியாகப் பற்றவைக்க வேண்டும். சுடலை அண்ணன் அப்படித்தான் வைத்தார். அழகாக வைத்தார்.

இந்தப் பழைய டிவிகள் சிலவற்றில் உள்ளே இருக்கும் போர்டின் 'கிரவுண்ட்' என்னும் பொது இணைப்பு, கரண்ட் வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றோடு நேரே சேர்ந்திருக்கும். ஆண்டெனா துளைக்கு மட்டும் தடுப்பு உண்டு. நாம் வைக்கும் புதிய சாக்கெட்டுக்குத் தடுப்பு இல்லை. பிளக் ஒரு பக்கமாகச் சொருகியிருந்தால் ஒன்றும் ஆகாது. திருப்பிச் சொருகினால் அந்த சாக்கெட்டின் உலோக வளையத்தில், வயரில், வீடியோ கேம் பெட்டிவரை வீட்டுக் கரண்ட் நிற்கும்.

இரண்டு முள் பிளக்குக்கு மேல் கீழ் கிடையாது. யார் எப்படி வேண்டுமானாலும் சொருகலாம்.

நான் இதைக் கண்டுபிடித்தது அறிவால் இல்லை. நான் வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி, மறுபடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பேருந்திலிருந்து பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஃபோன் செய்கிறவள். சுடலை அண்ணன் டெஸ்டர் வைத்துக் காட்டினார், விளக்கு எரியவில்லை. நான் ஸ்டிக்கரை ஒட்டினேன். ஒட்டியபின் மனசு கேட்கவில்லை. எதற்கென்றே தெரியாமல் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். அது திரும்பிப்போயிருக்கிறது. வளையத்தில் டெஸ்டரை வைத்தேன். என் விரலுக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

"அண்ணே, இங்க வாங்க."

"என்ன புள்ள, பாத்தாச்சுல்லா? பின்ன என்னத்த நோண்டுத?"

காட்டினேன். பிளக்கைத் திருப்பிப் போட்டார், அணைந்தது. மறுபடி திருப்பினார், எரிந்தது. அவர் முகத்தில் முதலில் பயமும், அதன்பின் கோபமும் வந்தன. கோபம் என்மேல்தான்.

"இத்தன வருசமா இப்படித்தான் போட்டுக் குடுத்திருக்கேன். எவனும் செத்தான்னு சேதி வரல."

"எல்லாம் இந்த மாதிரி செட்டாண்ணே?"

அவர் டெஸ்டரைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

அண்ணாச்சி ஏணியின் பாதியில் நின்று தலையை மட்டும் நீட்டினார். "எம்மா, டெம்போக்காரன் கீழ நிக்கான். சாயங்காலம் பங்ஷன். என்ன ரெண்டு பேரும் டிவிக்கு ஆரத்தி எடுக்கிய?"

சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் மறுபேச்சில்லாமல் லீவு கொடுத்தவர். கொஞ்சம் யோசித்தார். கீழே தையல் கடையில் வேலை செய்யும் பெண்ணிடமிருந்து நகப்பூச்சு வாங்கி வரச் சொன்னார். விளக்கு எரியாத பக்கமாகப் பிளக்கைச் சொருகி, அதன் மேல்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"முடிஞ்சுது. புள்ளி மேல இருந்தா சேஃப். கஸ்டமர்கிட்ட சொல்லிரு. ஷாக்குன்னு சொல்லாத, புள்ளி மேல இருந்தா படம் நல்லா வரும்னு சொல்லு."

"ஆனா அண்ணாச்சி, அந்த ஹால்ல சுவிட்ச் போர்டுலயே வயர் மாத்திக் குடுத்திருந்தா?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு ஆனா. ஆனா மேடம், இது தந்தா, யாவாரம். எல்லா ஆனாவுக்கும் பதில் தேடினா நாம பஜனை மடந்தான் நடத்தணும்."

சுடலை அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் சிரிக்காமல் இருப்பது கஷ்டம், நீங்களும் கற்றுக்கொள்வீர்கள்.

அண்ணாச்சி இறங்கிப்போனார். டிவியின் பின்மூடி இன்னும் மாட்டப்படவில்லை. சுடலை அண்ணன் கட்டரை மேசைமேல் வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று இறங்கினார். அவர் டீக்குப் போகும்போது கருவிகளைப் பெட்டிக்குள் வைக்காமல் போனதே இல்லை. வேண்டுமென்று வைத்தாரா, மறந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் மறந்தேன் என்பார்.

திறந்த டிவிக்குள் கை விடும்போது இன்னொரு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது தொழில் வழக்கம். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். பிடுங்கி வைத்த டிவியிலும் உள்ளே மிச்சம் நிற்கும். என் சுடிதாரில் பாக்கெட் கிடையாது. அதனால் இடது கையைப் பின்னால் கொண்டுபோய்த் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொள்வேன். அப்படிப் பிடித்துக்கொண்டு, சாக்கெட்டுக்குப் போகும் வயர்களை வெட்டினேன். சாக்கெட்டையும் கழற்றி எடுத்தேன். ஆண்டெனா வழியாக இணைத்தேன். பிளக்கை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. படம் வந்தது, மழைபோலப் புள்ளிகளோடு.

அது சரியா? முதலாளியிடம் சொல்லாமல், வாடிக்கையாளர் பணம் கொடுத்துக் கேட்ட ஒன்றை வெட்டியெறிவது சரியா? வேலையை மறுத்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் டிவி சாக்கெட்டோடு போயிருக்கும். டெம்போவில் முன் சீட்டில் உட்கார்ந்து சயான் தாண்டும்வரை இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொசைட்டி ஹாலில் பலூன், கேக், ஒலிபெருக்கி. வெளியே நல்ல மழை. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக்காலோடு உள்ளே ஓடிவந்தார்கள். டிவியைப் போட்டேன். ராகவன் அருகில் வந்து பார்த்தார்.

"என்னம்மா இது, ஒரே புள்ளி புள்ளியா இருக்கே?"

"ஆண்டெனா வழியா வருது சார். அப்போ இப்படித்தான் வரும்."

"அப்போவா? நாங்க விளையாடறச்சே கண்ணாடி மாதிரி இருக்கும். எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. அவர் சின்ன வயதில் பார்த்ததும் இதே புள்ளிகள்தான், இதே இரைச்சல்தான். ஞாபகம் அவற்றையெல்லாம் துடைத்து வைத்திருக்கிறது. நாம் விற்பது பழைய பெட்டியை, அவர்கள் ஒப்பிடுவது ஞாபகத்தோடு. இந்தத் தொழிலில் நீங்கள் எப்போதும் தோற்பது அங்கேதான்.

பிள்ளைகள் திரையைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி கண்ணாடியை விரலால் தள்ளிப் பார்த்தாள், நகரவில்லை. "அங்கிள், டச் காம் நஹி கர்தா!" டச் வேலை செய்யவில்லையாம். எல்லாரும் சிரித்தார்கள். "இதுல சேவ் பண்ண முடியாதா? செத்தா முதல்லேந்தா? கித்னா போரிங்!" ராகவன் தானே ஜாய்ஸ்டிக்கை எடுத்து டாங்கி ஆட்டம் ஆடிக் காட்டினார். முதல் கட்டத்திலேயே தோற்றார். மனைவி கையைப் பிடித்து, "போறும், கேக் வெட்டலாம்" என்றார்.

கேக் வெட்டும்போது ஒலிபெருக்கிக்காரர் தன் வயருக்கு இடம் தேடி டிவி பிளக்கைப் பிடுங்கினார். பாட்டு முடிந்ததும் திரும்பச் சொருகினார். நான் ஹாலின் மறுமூலையில் பேப்பர் தட்டோடு நின்றிருந்தேன். படம் திரும்ப வந்தது, ஆனால் ஆடிக்கொண்டே இருந்தது.

"அப்பா, நீ சொன்ன மாதிரி வயரை ஆட்டட்டுமா?" என்றான் வருண்.

"ஆட்டு ஆட்டு! அப்படித்தான் நாங்களும் பண்ணுவோம்!" ராகவன் முகத்தில் அன்று முதல்முறையாகச் சந்தோஷம்.

பையன் டிவிக்குப் பின்னால் தவழ்ந்து போனான். கையில் கேக்கின் ஈரம், காலில் மழையின் ஈரம். வயரின் உலோக வளையத்தை முழுக் கையால் பிடித்து ஆட்டினான். நான் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போதே பிளக்கைப் பார்த்தேன். புள்ளி கீழே இருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. படம் நேரானது. எல்லாரும் கைதட்டினார்கள். மூச்சிரைக்க அவனருகே நின்ற என்னைப் பார்த்து ராகவனின் மனைவி, "ஏன்மா, என்னாச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல மேடம்."

அந்தச் சொசைட்டி ஹாலின் சுவிட்ச் போர்டில் கம்பிகள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியாது. புள்ளி கீழே இருந்ததால் ஆபத்தாக இருந்திருக்கலாம். போர்டே தலைகீழாக இருந்து, அதனால் பாதுகாப்பாகவும் இருந்திருக்கலாம். நான் ஒரு பிள்ளையைக் காப்பாற்றினேனா, ஒரு பிறந்தநாளைக் கெடுத்தேனா என்று எனக்குச் சொல்லக்கூடிய ஒரே சாக்கெட்டை நானே வெட்டி எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ராகவன் டிவியைப் பட்டறைக்கே திருப்பி அனுப்பினார். பளிச்சென்று வரவேண்டும் அல்லது பணம் வாபஸ். பின்மூடியைத் திறந்த சுடலை அண்ணன் வெட்டிய வயர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அண்ணாச்சியிடம் அவர்தான் சொன்னார். அதற்கும் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. சொல்லாவிட்டால் அவர்தான் வெட்டினார் என்றாகியிருக்கும்.

அண்ணாச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"எம்மா, உனக்கு ஒரே டென்ஷன். சின்னப்பிள்ளைய வேற விட்டுட்டு வார. கொஞ்ச நாள் வீட்டுல இருந்து பிள்ளையப் பாத்துக்கிடு. கூப்பிடுதேன்."

"அந்த சாக்கெட்டை மறுபடி வைக்காதீங்க அண்ணாச்சி. பின்னாடியே சாக்கெட் உள்ள டிவியாக் குடுங்க. இல்லேன்னா நடுவுல பிரிச்சுவிடற டிரான்ஸ்பார்மர் ஒண்ணு போடுங்க."

"அதுல மரப்பொட்டி கிடையாதே. டிரான்ஸ்பார்மரு போட்டா விலைய ஏத்தணும், எவன் வாங்குவான்? நீ போம்மா, போ."

சுடலை அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. பற்றவைக்கும் புகை அவர் முகத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஏணியில் இறங்கும்போது தலையை இடித்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் கணவர் கேட்டார், "நீ வேலைக்குப் போனது சம்பளத்துக்கா, சரியா இருக்கறதுக்கா?" டிராம்பேயில் ஒரு ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர். அங்கே வாசலிலேயே பாதுகாப்பு முதலில் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை நினைவூட்டினேன். "எழுதி வெக்கறது அவங்க வேலை" என்றார்.

அன்றே ராகவனுக்கு ஃபோன் செய்தேன். முழுவதும் சொன்னேன், ஷாக் என்ற சொல்லையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க கால் பண்ணுவேள்னு உங்க ஓனர் முன்னாடியே சொல்லிட்டார். வேலை போனா கோபம் வர்றது சகஜம்தான். ஆனா அதுக்காக இப்படியெல்லாம் பேசப்படாதும்மா."

டிவி மறுபடி அவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. புதிய சாக்கெட்டோடு, பளிச்சென்ற படத்தோடு, புள்ளியோடு.

சில மாதங்கள் கழித்து மாட்டுங்கா மார்க்கெட்டில், வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தபோது அவரே என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமெல்லாம் இல்லை. என் மகளின் கன்னத்தைத் தட்டினார். நான் வேறு எதுவும் பேசாமல், "சார், அந்த டிவி?" என்றேன்.

"அதுவா? அதை யாரும்மா இப்போ போடறா? பையன் ரெண்டு நாள் பார்த்தான், அப்புறம் டேப்லெட்டே கதின்னு உக்காந்துட்டான். நானும் ஒரு ஞாயித்துக்கிழமை ஆடிப் பார்த்தேன். சின்ன வயசுல இதைப் போய் ஏன் அப்படி ஆடினோம்னே தெரியலை." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டார். "ஹால்ல அழகுக்கு வெச்சிருக்கோம். அதுமேல பாட்டில்ல மணி பிளாண்ட்."

"பாட்டில்ல தண்ணியா சார்?"

"ஆமாம், மணி பிளாண்டுக்குத் தண்ணிதானே?"

"பிளக்கை எடுத்துட்டீங்களா?"

"பிளக்கா? அது டிவிக்குப் பின்னாடி, கை போகாது. இருக்கும்."

"புள்ளி மேல இருக்கா, கீழ இருக்கா?"

"என்ன புள்ளி?" என்றார்.

நான் ஃபோனில் சொன்னது அவர் மனதில் நிற்கவில்லை, கடையிலிருந்து புள்ளியைப் பற்றி யாரும் சொல்லவும் இல்லை. படம் நன்றாக வரும் என்ற பொய்யைக்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடச் சொன்னேன். "பார்க்கறேன்" என்றார். பார்க்கிறேன் என்பதற்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். அடுத்த வாரம் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர்கள் சொசைட்டிக்குப் போனேன். வாட்ச்மேன் இண்டர்காமில் என் பெயரைச் சொன்னார். வீட்டில் யாரும் இல்லையாம். இல்லை என்று சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது உங்களுக்குப் புள்ளி என்ன என்று தெரியும். அண்ணாச்சியோடு சண்டை போடச் சொல்லமாட்டேன். உங்களில் சிலருக்கு வாடகை இருக்கிறது, சிலருக்குக் குழந்தை இருக்கிறது. பிளக்கை மட்டும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பயந்தாங்கொள்ளி என்பார்கள், என்னையும் சொன்னார்கள்.

இன்னொன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ராகவன் வீட்டு முகவரி கடையில் இருக்கும். எனக்கு அந்தக் கதவு திறக்காது, கடைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் உங்களுக்குத் திறக்கும். அந்தப் பக்கம் டெலிவரி இருந்தால் இலவச சர்வீஸ் என்று சொல்லி மேலே போங்கள். மணி பிளாண்டை முதலில் இறக்கி வையுங்கள். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிளக்கைப் பிடுங்குங்கள். அந்த இரண்டு முள்ளையும் கட்டரால் வெட்டிவிட்டு வாருங்கள். அவர் கவனிக்கவே மாட்டார்.

முடித்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். சின்னது போதும்.